மூச்சை அடக்கியவர்களும் மூச்சைச் சுமந்தவர்களும்

தருமபுரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், பென்னாகரத்திற்குத் தெற்கே இருக்கிறது ஏரியூர். மானாவாரிக் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆயினும் ஆழம் என்ற சொல் எங்கள் ஊர்ப்பக்கத்தில் வெறும் சொல்லாக ஒருபோதும் இருந்ததில்லை. ஊருக்கு மேற்கே சில மைல் நடந்தால் நாகமரைத் துறை. அங்கே நின்று எதிரே பண்ணவாடியைப் பார்த்தால் நடுவில் விரிந்து கிடப்பது காவிரி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதி. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன.

1925 ஜூலையில் தொடங்கிய அணைப்பணி 1934 இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21 ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 120 அடி உயரத்திற்கு நீர் நிற்கும்போது ஏறத்தாழ 59 சதுர மைல் பரப்பு தண்ணீருக்குள் போகிறது. தஞ்சையின் வயல்களுக்கு அது உயிர்நீர் என்பதில் ஐயமில்லை. அந்த உயிர்நீருக்காகத் தங்கள் வீட்டு உத்திரங்களையும் கதவுகளையும் பெயர்த்து வண்டியேற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இக்கரையிலும் அக்கரையிலும் இருக்கிறார்கள். இக்கட்டுரையை எழுதும் எங்கள் மூவரில் ஒருவரின் பாட்டி, அப்போது எட்டு வயதுச் சிறுமி. கிணற்றடியில் துவைக்கிற கல்லை மட்டும் எடுத்துவர முடியவில்லை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல் இன்னும் அங்கே இருக்குமா என்ற சிறுபிள்ளைத்தனமான கேள்வியே எங்களை ஒருநாள் ஆழ்நீர் மூழ்கலின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். உண்மை அதுதான்.

*

2019 ஜனவரியில் நாங்கள் மூவரும் முதுகுப்பைகளோடு சென்னையில் கப்பலேறினோம். அந்தமானுக்கு மூன்று நாள் பயணம். அன்று போர்ட் பிளேர் என்றிருந்த நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். நாங்கள் தேடிப்போன ஹேவ்லாக் தீவு எங்கள் பயணத்திற்கு ஒரு மாதம் முன்புதான் சுவராஜ் தீவாகியிருந்தது. மலிவான மூங்கில் குடிசைகளில் தங்கி, பல தேசத்து இளைஞர்களோடு வரிசையில் நின்று, ஸ்கூபா மூழ்கல் கற்றுக்கொண்டோம். எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஒரு கரேன் இளைஞர். 1925 இல் ஆங்கிலேயர்கள் பர்மாவிலிருந்து கரேன் இனத்தாரை அழைத்துவந்து அந்தமானின் காடுகளில் குடியமர்த்தினார்கள். மேட்டூரில் முதற்கல் நாட்டப்பட்ட அதே ஆண்டு. ஓரிடத்தில் மக்களை எழுப்பியும் வேறோரிடத்தில் மக்களை இருத்தியும் பேரரசு தன் நிலப்படத்தை வரைந்துகொண்டிருந்த காலம் அது. காடு திருத்த வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அத்தீவுகளின் கடலை நன்கறிந்த மூழ்குநர்களாக இருக்கிறார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட வைத்து அவர் சொல்லித்தந்த முதல் விதி: எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே.

எங்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தப் பழகிய நம் ஊர்ப் பிள்ளை எவனுக்கும் தண்ணீருக்குள் போவது என்றால் மூச்சை அடக்குவது என்றே பொருள். ‘தம் கட்டுதல்’ என்ற சொல்லே அதற்குத்தான் இருக்கிறது. ஸ்கூபாவில் அதுவே உயிரைப் பறிக்கும் தவறு. காரணம் எளிய இயற்பியல். கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் கீழே அது இரண்டாகிறது, இருபதில் மூன்று. மேலே ஆறு லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு மூழ்குபவனின் நுரையீரலில் அக்காற்று பத்து மீட்டரில் மூன்று லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழையபடி ஆறாகும். அவனுக்கு அதனால் கேடில்லை. ஆனால் முதுகில் சிலிண்டரைச் சுமந்து செல்பவன் பத்து மீட்டர் ஆழத்திலேயே, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே ஆறு லிட்டரை உள்ளிழுக்கிறான். மூச்சை அடக்கிக்கொண்டு அவன் மேலே வந்தால் அது பன்னிரண்டு லிட்டராக விரிய முயலும். நுரையீரல் தாங்காது.

ஆக ஒரே கடலில் இரண்டு மூழ்கல்கள் உள்ளன. மூச்சை அடக்கினால் பிழைப்பது ஒன்று. அடக்கினால் சாவது மற்றொன்று. முதலாவது பல நூற்றாண்டுகள் நம்முடையதாக இருந்தது. இரண்டாவதை நாங்கள் பணம் கட்டிக் கற்றுக்கொண்டிருந்தோம். முதலாவதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்ற வெட்கம் அன்றிரவு எங்களைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபின் படித்தவற்றின் சாரத்தையே இங்கே வைக்கிறோம்.

*

மதுரைக்காஞ்சி கொற்கையைப் பற்றிப் பேசும்போது அங்கே முத்துக்குளிப்போர் வாழும் பகுதியையும் பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க நூல் பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளித்தலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். முத்து அரசனின் மார்பில் தொங்கியது. அதை எடுக்கக் கடலுக்குள் இறங்கியவன் சில வேளைகளில் சிறையாளி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ தரும் சித்திரம் இன்னும் விரிவானது. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெருமீன்கள் குளிப்பவரைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு. அவர்கள் பகலில் மட்டுமே கடலைக் கட்டுவார்களாம். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். யாரும் இருட்டில் திருட்டுத்தனமாகக் குளித்துவிடக் கூடாது அல்லவா? சுறாவையே காவலாளியாக வைத்த அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் நமக்கு இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் ‘கடல்கட்டி’ என்றழைக்கப்பட்ட அம்மந்திரக்காரர்கள் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மறுத்ததால், பிரிட்டிஷ் அரசும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. அறிவியலை நம்பிய அரசும் குளிப்பவனின் மனத்தைரியத்திற்கு ஒரு விலை உண்டென்று ஒப்புக்கொண்டது.

முத்துச்சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகளைத் தூத்துக்குடிக் கரையில் ‘பார்’ என்பார்கள். ஆழத்தைப் ‘பாகம்’ கணக்கில் அளப்பார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. குளிப்பு நடந்த பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் இருந்தன. பத்துப் பாகம் என்பது பதினெட்டு மீட்டர். இன்று ஸ்கூபாவின் முதல் சான்றிதழ் பெற்ற ஒருவர் போகலாம் என்று வரையறுக்கப்பட்டிருக்கும் ஆழமும் அதே பதினெட்டு மீட்டர்தான். சிலிண்டரும் ரெகுலேட்டரும் அழுத்தமானியும் கொண்டு எங்களை அனுமதித்த எல்லைக்கு, இடுப்புத் துணியோடு ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு அவர்கள் போய்வந்திருக்கிறார்கள்.

கல் பதினைந்து இருபது கிலோ எடையிருக்கும். அதன் கயிற்று வளையத்தில் காலை நுழைத்து, மூச்சை இழுத்து, மூக்கைக் கையால் பொத்தி இறங்குவார்கள். (பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வியைப் பயன்படுத்தினார்கள்.) அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட, மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்திற்குள், சிலர் அதற்குச் சற்று மேல், வலைப்பையில் சிப்பிகளை வாரிப் போட்டுக் கயிற்றைச் சுண்டுவார்கள். இப்படி நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை. காதிலும் மூக்கிலும் இரத்தம் கசிவது வழக்கமான செய்தியாக அக்காலக் குறிப்புகளில் வருகிறது. கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்று கரையில் ஒரு வழக்கு உண்டு. தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பதே அதன் நியாயம். ஸ்கூபாவில் ‘துணை மூழ்குநர்’ என்று ஒருவரை இணைத்துவிடுகிறார்கள். ஒருவர் காற்றை மற்றவர் கண்காணிக்கவேண்டும். அந்தமானில் எங்களுக்கு அந்த விதியைச் சொன்னபோது மைத்துனர் கதை எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

*

இலக்கிய வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்டவேண்டும். 1870 இல் நூலாக நிறைவுற்ற ஜூல் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலில் கேப்டன் நெமோ தன் விருந்தாளிகளை மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்கு அழைத்துச் செல்கிறான். அவர்கள் முதுகில் காற்றுக்கலம் சுமந்து நடக்கிறார்கள். அது வெறும் கற்பனையன்று. 1860களில் ரூக்கெரோல், தெனெரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய கருவியை முன்மாதிரியாகக் கொண்டே வெர்ன் எழுதினார். அங்கே மேலிருந்து ஓர் ஏழைக் குளிப்பாளன் கல்லோடு இறங்குகிறான். சுறா அவனைத் தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கொடுத்தனுப்புகிறான். ஒடுக்கப்பட்ட தேசமொன்றைச் சேர்ந்தவன் அவன், நானும் அத்தகைய தேசத்தவனே என்ற பொருள்பட நெமோ பேசுகிறான். பின்னால் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் நெமோ ஓர் இந்திய இளவரசன் என்பது வெளிப்படுகிறது.

மூச்சைச் சுமந்தவனும் மூச்சை அடக்கியவனும் ஒரே கடலடியில் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சி உலக இலக்கியத்தில் நம் மன்னார்க் கடலில் நிகழ்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் குளிப்பாளனுக்கு வெர்ன் பெயர் தரவில்லை. காப்பாற்றப்படுவதற்கும் கொடை பெறுவதற்கும் மட்டுமே அவன் அக்கதைக்குள் வருகிறான்.

கற்பனையிலிருந்து கணக்குப் புத்தகத்திற்கு வருவோம். 1906 இல் இலங்கையின் மேற்குக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். பாலைபோன்ற கடற்கரையில் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஓலைக்கொட்டகை நகரம், அழுகவிடப்பட்ட சிப்பிகளின் நாற்றம், ஈக்கள், தமிழரும் அராபியருமான குளிப்பாளர்கள் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். 1921 இல் வெளிவந்த அவருடைய சிறுகதை ஒன்றும் அக்களத்தில் நிகழ்வதுதான். குளிப்பாளன் கொண்டுவந்த சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு. ஒன்று அவனுக்கு. அதே 1906 இல் இலங்கை அரசு தன் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபதாண்டுக் குத்தகையாக லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு விட்டது. 1907 க்குப் பின் பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இல்லை, நிறுவனமும் கலைந்தது. முத்துப் படுகைகள் காரணம் சொல்லாமல் பொய்த்துப்போவது மார்க்கோ போலோ காலத்திற்கும் முன்பிருந்தே உள்ள கதை. மானாவாரிக்காரர்களாகிய எங்களுக்கு அது எளிதில் புரிந்தது.

*

இரண்டாவது மூழ்கல் பிறந்தது போர்க்காலப் பிரான்சில். 1943 இல் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் சேர்ந்து அக்வாலங் என்ற கருவியை உருவாக்கினார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் காஞான் அமைத்த வால்வே அதன் மூலம். இயந்திரம் கேட்கும்போது மட்டும் வாயுவை விடும் அவ்வால்வு, மனிதன் மூச்சிழுக்கும்போது மட்டும், அவனிருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கேற்ப, காற்றை விடும்படி மாற்றப்பட்டது. மேலிருந்து குழாய் வேண்டாம், கயிறு வேண்டாம், மைத்துனரும் வேண்டாம் என்றாயிற்று.

பத்தாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அக்கருவி நம் கடலுக்கு வந்துவிட்டது. 1956 இல் அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க் தன் நண்பர் மைக் வில்சனோடு இலங்கையில் குடியேறினார். விண்வெளியைப் பற்றி எழுதிய மனிதரை அங்கே இழுத்தது கடலடி. மேற்கத்திய இளைஞர்கள் முதுகுப்பையோடு வெப்பமண்டலத் தீவுகளில் மூழ்கக் கற்கும் இன்றைய வழக்கத்திற்கு அவர்களை முன்னோடிகள் என்று தாராளமாகச் சொல்லலாம். திருகோணமலையில் சுவாமி மலையின் செங்குத்துப் பாறைக்கடியில் அவர்கள் மூழ்கியபோது செதுக்கப்பட்ட தூண்களும் கற்களும் கிடக்கக் கண்டார்கள். 1620களில் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகள் அவை. வில்சன் கடலடியிலிருந்து கண்டெடுத்த லிங்கம் பின்னர் மலைமேல் மீண்டும் எழுந்த கோயிலில் இடம்பெற்றது. 1957 இல் வெளிவந்த கிளார்க்கின் இலங்கைக் கடல் நூலில் இவ்வனுபவங்கள் உள்ளன. தமிழர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நினைவில் மட்டும் வைத்திருந்த ஒரு கோயிலை, கருவி சுமந்து வந்த அயலார் கையால் தொட்டார்கள்.

தூத்துக்குடியில் அதே ஆண்டுகளில் பழைய கலையின் கடைசிப் பெருவிழா நடந்துகொண்டிருந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் நடக்கவில்லை. பார்களில் சிப்பி ஏன் பெருகவில்லை என்பதை ஆராய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அக்வாலங் அணிந்து இறங்கினார்கள். 1973 இல் அந்நிலையத்தின் கே. அழகர்சாமி இந்திய முத்துச்சிப்பியிலிருந்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். முத்துக்காக இனி மூச்சடக்க வேண்டியதில்லை. குளிப்பாளர்கள் சங்குக்குத் திரும்பினார்கள். வங்காளத்து மணப்பெண்களின் வளையலுக்காகச் சங்கு குளித்தல் இன்றும் அக்கரையில் தொடர்கிறது.

அந்தமானில் எங்களைப்போல ஸ்கூபா கற்றவர்கள் மூழ்கிய ஒவ்வொரு முறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம்: தேதி, ஆழம், நிமிடம், பார்த்த மீன். நாளுக்கு ஐம்பது முறை மூழ்கியவர்களிடம் அத்தகைய குறிப்பேடு இல்லை. எத்தனை சிப்பி, எவ்வளவு வருவாய் என்ற அரசின் கணக்கு மட்டும் இருக்கிறது. வரலாறு முத்தை எண்ணியிருக்கிறது, மூச்சை எண்ணவில்லை.

*

இனி அந்தத் துவைகல்லுக்கு வருவோம்.

சான்றிதழோடு ஊர் திரும்பிய மிதப்பில் நாகமரைத் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் எங்கள் எண்ணத்தைச் சொன்னோம். இந்தத் தண்ணீருக்குள் இறங்கிப் பழைய ஊரைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“உள்ள போனா ஒன் கையே ஒனக்குத் தெரியாது தம்பி. அவ்வளவும் வண்டலு. வெட்டாம உட்ட மரமெல்லாம் அடியில நிக்குது, வலை பூரா அதுலதான் கிழியுது. காத்திருந்தா தண்ணி தானா வத்தும். அப்ப நடந்து போயே பாக்கலாம்.”

அவர் சொன்னது சரி. பண்ணவாடிப் பக்கத்தில் நீர் இறங்கும்போது முதலில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும். இன்னும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி. 2017 இன் வறட்சியில் அவை வெளியே நின்றன. 2023 அக்டோபரில் நீர்மட்டம் முப்பதடி அளவுக்குப் போனபோதும் நின்றன. மக்கள் சாரிசாரியாகப் பார்க்கப் போனார்கள். அவ்வாண்டு நாங்களும் பாட்டியின் ஊர் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் வெடித்த சேற்றின்மேல் நடந்தோம். சுவர்களின் அடித்தளம் போன்ற கல்வரிசைகள் இருந்தன. துவைகல்லாக இருக்கக்கூடிய கற்கள் பல. எது அது என்று சொல்லப் பாட்டி இல்லை. 2024 ஜூலை இறுதியில் அணை 120 அடியை எட்டியது; எல்லாம் மீண்டும் உள்ளே போயிற்று. டெல்டாவில் மகிழ்ந்தார்கள். நாங்களும் மகிழ்ந்தோம், பொய்யில்லை. அந்த ஊர் வெளியே தெரிவதென்றால் எங்கோ ஒரு வயல் காய்கிறது என்று பொருள். அது தெரியாமலிருப்பதே நல்லது என்று நினைக்கவேண்டிய நிலையில் எங்கள் பக்கத்து மனிதர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறார்கள்.

கடலடியில் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் நாங்கள் இங்கே கொண்டுவந்தோம். எந்த ஆழத்திலிருந்து மேலே வந்தாலும் மெதுவாகவே வரவேண்டும், வழியெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே வரவேண்டும் என்று அந்தக் கரேன் இளைஞர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாட்டி அந்தக் கல்லைப் பற்றி எழுபதாண்டுக் காலம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் முதுமையின் பிதற்றல் என்று எண்ணியிருந்தோம். அது அப்படியல்ல என்று இப்போது படுகிறது. அடக்கி வைத்திருந்தால் அது அவர் நெஞ்சை உடைத்திருக்கும். அவர் மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்துகொண்டிருந்தார்.